கூட்டிச் சொன்ன மூன்று வயது

சேலத்திலிருந்து ஏற்காடு வழியாக நாகலூர் போகிற பஸ்ஸில் நான் இருபது வருஷத்துக்கு மேல் கண்டக்டராக இருந்தேன். அந்த வழியில் பிள்ளைக்கு அரை டிக்கெட் கேட்கிற தாய்மார்கள் எவரும் செக்கிங் இன்ஸ்பெக்டருக்குப் பயந்து நான் பார்த்ததில்லை. அவர்கள் பயந்தது ஒரே ஒரு பிரயாணிக்கு. வண்டியில் ஏறியதும் கடைசி சீட் வரைக்கும் ஒரு நோட்டம் விட்டு, அந்த மனிதர் இல்லை என்று தெரிந்த பிறகுதான் பிள்ளையின் வயதைச் சொல்வார்கள். அவர் உட்கார்ந்திருந்தால் சிலர் இறங்கி அடுத்த பஸ்ஸுக்கு நின்றதும் உண்டு. அடுத்த பஸ் வர மூன்று மணி நேரம் ஆகும்.

நாகலூர்ப் பக்கம் ஒரு காப்பி எஸ்டேட்டில் கூலி வேலை அவருக்கு. சிலோனில் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, அங்கேயே வளர்ந்து, அங்கேயே கல்யாணம் செய்து, நாற்பது வயதுக்கு மேல் ‘நீ இந்தியாக்காரன்’ என்று கையில் ஒரு பாஸ்போர்ட்டைக் கொடுத்துக் கப்பலேற்றி விடப்பட்டவர். இங்கே வந்ததும் எல்லோரும் அவரைச் சிலோன்காரர் என்றோம். அவருக்கு ஒரு பெயர் உண்டு, எனக்கும் தெரியும். ஆனால் போதும் போதும் என்கிற அளவுக்கு அது மனுக்களில் எழுதப்பட்டுவிட்டது. நானும் ஒரு தடவை எழுத வேண்டாம் என்று பார்க்கிறேன்.

ஒல்லியான ஆள். காக்கி அரைக்கால் சட்டை, தலையிலிருந்து முதுகு வரை ஒரு கறுப்புக் கம்பளி. வெயில் காலத்திலும் அந்தக் கம்பளி இறங்காது. என்னைவிட இருபது வயது பெரியவர் என்னை ‘கண்டக்டரய்யா’ என்பார். வேண்டாம் என்று எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். அங்கே தொப்பி போட்டவனையெல்லாம் ஐயா என்று சொல்லிப் பழகிய வாய்.

முதல் தடவை நடந்தது நன்றாக நினைவிருக்கிறது. ஏற்காடு ஸ்டாண்டில் கரடியூர்க்கார அம்மா ஒருவர் ஏறினார். சேலத்தில் ஏதோ கல்யாணம். கூட ஒரு பையன். மீசை முளைக்கலாமா வேண்டாமா என்று யோசிக்கிற முகம் அவனுக்கு.

“ஒண்ணரை குடுங்க.”

“அரை யாருக்குங்க?”

“பையனுக்குத்தானுங்க. பத்து வயசுங்க.”

எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்று அந்த அம்மாவுக்கும் தெரியும். பன்னிரண்டு முடிந்தால் முழு டிக்கெட் என்பது சட்டம். ஆனால் கண்டக்டர் வேலையில் கொஞ்சம் கண்ணை மூடிக்கொள்ளவும் தெரிய வேண்டும். நான் டிக்கெட் கட்டைப் புரட்டும்போது பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

“பதிமூணு.”

பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. அவர் கம்பளியை ஒதுக்கிக்கொண்டு எழுந்து நின்றிருந்தார்.

“கடவாப் பல்லு மொளச்சிருச்சு. கொட்டாவி விடுறப்ப பாத்தேன். பதிமூணு முடிஞ்சிருக்கும். மெய்யச் சொல்லுங்கம்மா. புள்ள வயச கூட்டவும் வேணாம், கொறைக்கவும் வேணாம்.”

“உங்களுக்கு என்னுங்க வந்துச்சு? உங்க ஊட்டுக் காசா போகுது?” என்றார் அந்த அம்மா.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவர் மனைவி சட்டையைப் பிடித்து இழுத்தார். “ஒக்காருங்க. எல்லாரும் பாக்குறாங்க.” அவர் உட்காரவில்லை. நான் முழு டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்த பிறகுதான் உட்கார்ந்தார். மலை இறங்குகிற இருபது கொண்டை ஊசி வளைவிலும் வளைவுக்கு ஒன்றாக அந்த அம்மா சாபம் விட்டுக்கொண்டு வந்தார். எனக்கும் எரிச்சல்தான். என் வேலையை எனக்குச் சொல்லித் தர இவர் யார்?

ஆனால் அவர் சொன்னதில் ஒன்று மட்டும் எனக்கு உறுத்தியது. வயதைக் குறைக்க வேண்டாம் என்றது சரி. கூட்டவும் வேண்டாம் என்றாரே? என் சர்வீஸில் பஸ்ஸில் பிள்ளையின் வயதைக் கூட்டிச் சொன்ன ஒரு தாயையும் நான் பார்த்ததில்லை.

மற்றவர்களுக்கு ஒரு நியாயம் தனக்கு ஒரு நியாயம் என்று வைத்திருந்தால் அவரை நானே ஒரு நாள் இறக்கிவிட்டிருப்பேன். அதற்கும் இடம் கொடுக்கவில்லை. கூட வந்த மகனுக்கு அப்போது ஏழெட்டு வயது. அவனுக்கு எப்போதும் சரியாக அரை டிக்கெட் வாங்குவார். ஒரு நாள் காலையில் நாகலூரில் ஏறியவர், “ரெண்டு முழுசு குடுங்கய்யா” என்றார். பையன் அரைக்கால் சட்டையில் சுண்டெலி மாதிரி நிற்கிறான். பத்து வயது என்றால்கூட யாரும் நம்ப மாட்டார்கள்.

“ஏனுங்க, பையனுக்கு அரை போதுமுங்களே.”

“நேத்தோட பன்னண்டு முடிஞ்சுபோச்சுங்க. முழுசு போடுங்க.”

“போட்டுக்கலாமுங்க, இன்னும் ஒரு வருசம் போகட்டும்.”

அவர் என்னைப் பார்த்த பார்வை! ஏதோ நான் அவர் மடியில் கை வைத்த மாதிரி. முழு டிக்கெட்டைக் கொடுத்துவிட்டேன். பையன் வெட்கப்பட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். இந்த ஆளுக்குக் கிறுக்குப் பிடித்திருக்கிறது என்று டிரைவரிடம் சொன்னேன். டிரைவரும் ஒப்புக்கொண்டார்.

அந்தக் கிறுக்கின் அடி எனக்குத் தெரிந்தது ஒரு கோடை மதியத்தில். பாதி மலையில் ரேடியேட்டர் கொதித்துவிட்டது. வண்டியை ஓரம்கட்டி, டிரைவர் ஊற்றில் தண்ணீர் பிடிக்கப் போயிருந்தார். பிரயாணிகள் எல்லாம் இறங்கி மர நிழலில் நின்றார்கள். நான் சும்மா இருக்க முடியாமல், “உங்களுக்கு மூத்த புள்ள யாரும் இல்லீங்களா?” என்று கேட்டேன். கேட்டிருக்க வேண்டியதில்லை.

“இருக்குங்க. அக்கரையில இருக்கு” என்றார்.

பிறகு அவராகவே சொன்னார். அங்கே தோட்டத்தில் ஒரு நாள் கூலிக்குப் ‘பேர்’ என்று சொல்வார்களாம். சின்னப் பிள்ளை கொழுந்து எடுத்தால் அரைப்பேர். பெரியவர்களுக்கு முழுப்பேர். மகளுக்குப் பதின்மூன்று நடந்தபோது இவர் மனைவி பிரசவத்தில் பிள்ளையைப் பறிகொடுத்து மாதக்கணக்கில் படுத்துவிட்டார். வீட்டில் ஒரு ஆள் சம்பாத்தியம். மகளைச் செக்ரோல் என்கிற தோட்டத்துச் சம்பளப் பதிவில் எழுதக் கூட்டிப் போனார். கணக்கப்பிள்ளை நல்ல மனுஷனாம். பிள்ளையை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “ஒசரமாத்தானே இருக்கா, பதினாறுன்னு போட்டுக்கவா? முழுப்பேர் கெடைக்கும்” என்று கேட்டாராம்.

“நான் வாயத் தெறந்து சொல்லலீங்க. தலைய மட்டும் ஆட்டுனேன்” என்றார்.

லயம் என்கிற அந்தக் கூலி வரிசை வீடுகளில் எல்லோரும் செய்கிற காரியம்தான். பத்து வீட்டில் எட்டு வீட்டுப் பிள்ளைகள் செக்ரோலில் மட்டும் சீக்கிரம் வளர்ந்தவர்கள். அதனால் எவருக்கும் ஒரு குறையும் வந்ததில்லை. இரண்டு நாட்டுப் பெரிய மனிதர்களும் உட்கார்ந்து, இத்தனை லட்சம் பேர் உனக்கு, இத்தனை லட்சம் பேர் எனக்கு என்று பிரித்துக்கொள்கிற வரைக்கும்.

இவர் குடும்பத்தோடு இந்தியாவுக்கு மனுப் போட்டார். அப்போது மகளுக்கு மெய்யான வயது பதினாறு. பதினெட்டுக்கு உட்பட்ட பிள்ளைகள் தகப்பன் மனுவிலேயே வரலாம். மனு வாங்கிய ஆபீஸ் தோட்டத்துக்கு எழுதிக் கேட்டது. தோட்டம் செக்ரோலைப் பார்த்துப் பதில் எழுதியது: மகளுக்குப் பத்தொன்பது. மேஜர். தகப்பன் மனுவில் சேர மாட்டாள், தனியாக மனுப் போட வேண்டும். பிறப்புப் பத்திரம் எடுத்து வைக்கிற வழக்கமெல்லாம் அவர்கள் வீட்டில் கிடையாது. பேரை அடித்துவிட்டார்கள். செக்ரோலில் ஏறாத சின்னப் பையன் தப்பித்தான்.

பாஸ்போர்ட் கைக்கு வந்த நாளிலிருந்து அந்த நாட்டில் இவர்கள் அந்நியர்கள். விசா முடிகிற தேதி போட்டிருந்தது. தோட்டத்தில் வேலை நின்றது, லயத்து அறையைக் காலி செய்யச் சொன்னார்கள். மகள் பின்னாலேயே ஆறு மாதத்தில் வந்துவிடலாம் என்று யாரோ ஒரு ஆபீஸர் வாயால் சொன்னாராம். அவளை இவர் தங்கை வீட்டில் விட்டுவிட்டுக் கிளம்பினார்கள். ரயிலடிக்கு வந்த மகள் அழவில்லையாம். தம்பி வழியில் தின்னட்டும் என்று ரொட்டி சுட்டுத் துணியில் கட்டிக்கொண்டு வந்து கொடுத்தாளாம்.

“அந்த ரொட்டி கப்பல் எறங்கி மண்டபம் கேம்பு வரைக்கும் இருந்துச்சுங்க. யாரும் திங்கல” என்றார்.

டிரைவர் தண்ணீரோடு வந்துவிட்டார். நான் விசில் ஊதினேன். அன்றிலிருந்து அவர் எழுந்து நின்றால் நான் முகத்தைச் சுளிப்பதில்லை, அவ்வளவுதான்.

மாதத்தில் ஒரு நாள் சேலத்துக்குப் போவார். சிலோனிலிருந்து வந்தவர்களின் மனுக்களைப் பார்க்கிற ஆபீஸ் ஒன்று இருந்தது. அதன் வராந்தாவில் காலையில் உட்கார்ந்தால் சாயங்காலம் என் பஸ்ஸில்தான் திரும்புவார். “என்னுங்க ஆச்சு?” என்பேன். “பரிசீலனையில இருக்குதாங்க” என்பார். பரிசீலனை என்ற வார்த்தையை அவர் எங்கள் பஸ்ஸில் சொன்ன அளவுக்கு எந்த மந்திரியும் மேடையில் சொல்லியிருக்க மாட்டார்.

அந்த வார்த்தைக்குப் பின்னால் என்ன இருந்தது என்பதை அவர் மனைவி ஒரு நாள் பஸ்ஸிலேயே போட்டு உடைத்தார். கூட்டமில்லாத மதிய வண்டி. இருவரும் சேலத்திலிருந்து வருகிறார்கள். அடிவாரம் தாண்டியதும் அந்த அம்மா என்னிடம் நேராகவே கேட்டார்.

“கண்டக்டரய்யா, நீங்களாச்சும் நாயம் சொல்லுங்க. அந்த ஆபீசு ஐயா நல்லபடியாத்தான் சொல்றாரு. அக்கரையில புத்தகத்துல என்ன வயசு இருக்கோ அதையே மனுவுல எழுதுங்க, ரெண்டும் ஒத்துப்போச்சுன்னா வேலை முடிஞ்சுதுங்கிறாரு. இவரு எழுத மாட்டேங்குறாரு.”

“பொய்யி அது” என்றார் அவர், ஜன்னலைப் பார்த்தபடி.

“பொய்யின்னு தெரியும். அந்தப் பொய்ய போட்டது யாரு?”

நான் மெதுவாகச் சொன்னேன்: “எழுதிக் குடுத்துருங்க பெரியவரே. புள்ள வந்து சேரட்டும். வயசப் பொறவு பாத்துக்கலாம்.”

“ஒரு தடவ கூட்டிச் சொன்னதுக்குத்தாங்க இந்தத் தண்டன. மறுபடி எங் கையால கூட்டி எழுதினா அவ எனக்குக் கெடைக்கவே மாட்டா. மெய்ய எழுதியிருக்கேன். மெய்க்கு ஒரு நாளு பதில் வரும்.”

மெய்க்குப் பதில் வந்தது. இந்த வயதில் இந்தப் பெயரில் அந்தத் தோட்டத்துப் பதிவில் யாரும் இல்லை என்று அக்கரையிலிருந்து பதில் வந்தது. அவர் மறுபடியும் அதே மெய்யை எழுதினார். மறுபடியும் அதே பதில். பொய் சொன்னபோது ஒரே நாளில் நம்பிய காகிதம், உண்மையைப் பத்து வருஷமாக நம்பவில்லை.

“உங்க மெய்ய நீங்களே வச்சிக்குங்க. எனக்கு எம் புள்ளையக் குடுங்க” என்று அந்த அம்மா கத்திவிட்டு அழுதார். பஸ்ஸில் இருந்த நாலைந்து பேரும் வெளியே பார்த்தார்கள். எனக்கு அன்று அவர்மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. ஒரு எண்ணை மாற்றி எழுதினால் தீர்கிற விஷயம். இதில் என்ன அரிச்சந்திரன் வேஷம் என்று நினைத்தேன். இப்போதும் பாதி அப்படித்தான் நினைக்கிறேன்.

அவர் நல்லவர் என்று மட்டும் எழுதிவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. எஸ்டேட்டில் புருஷனை இழந்த ஒரு பெண் இருந்தாள், உள்ளூர்க்காரி. காப்பிப் பழம் பறிக்கிற பருவத்தில் தன் பதின்மூன்று வயது மகளைப் பதினெட்டு என்று சொல்லி எஸ்டேட் கணக்கெழுதும் ரைட்டரிடம் பேர் கொடுத்திருந்தாள். ரைட்டரும் கண்டுகொள்ளவில்லை. நம் ஆள் ரைட்டர் வீட்டு வாசலில் போய் நின்றுகொண்டு, அந்தப் பிள்ளை பேரை அடிக்காவிட்டால் லேபர் ஆபீசுக்கு எழுதுவேன் என்று கத்தியிருக்கிறார். ரைட்டர் பயந்துபோய்ப் பேரை அடித்துவிட்டார். இவருக்கும் ஒரு மாதம் வேலை இல்லை என்று ஆயிற்று. அதைப் பற்றி அவர் கவலைப்படவில்லை.

அந்தப் பெண் நாகலூர் ஸ்டாப்பில் பஸ்ஸின் படியில் நின்று, உள்ளே உட்கார்ந்திருந்தவரைப் பார்த்துக் கேட்டாள்.

“ஏனுங்க, உங்க புள்ள அக்கரையில கெடக்குதுன்னா என்ற புள்ள பட்டினி கெடக்கோணுமா? நீங்க பண்ணுன தப்புக்கு என்ற ஊட்டு அடுப்ப ஏனுங்க அணைக்கிறீங்க?”

அவர் சொன்னார்: “வேணாம்மா. பின்னால அந்தக் கணக்கு நம்மளத் தேடி வரும்மா. நான் பட்டவன் சொல்றேன்.”

“தேடி வரட்டுமுங்க. அது வர்ற வரைக்கும் சோறு போடுறது யாரு?”

அவர் கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டார். அந்தச் சிறுமியைச் சேலத்தில் ஒரு வீட்டில் பாத்திரம் தேய்க்க விட்டுவிட்டார்கள். என் பஸ்ஸில்தான் போனாள், அரை டிக்கெட்டில் அல்ல, அவள் அம்மா முழு டிக்கெட்டே வாங்கினாள். அந்த வீட்டில் யாரும் அவள் வயதைக் கேட்கவில்லை. நான் ஆறு மாதம் சிலோன்காரரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

எண்பதுகளில் அக்கரையில் ஒரேயடியாகத் தீப்பற்றிக்கொண்டது. கலவரம், பிறகு சண்டை. ராமேஸ்வரத்துக் கப்பலை நிறுத்திவிட்டார்கள். அதுவரைக்கும் மனுவாவது நடந்துகொண்டிருந்தது. கப்பலே இல்லை என்ற பிறகு பரிசீலனையும் இல்லை. மகளிடமிருந்து எப்போதாவது ஒரு கடிதம். உயிரோடு இருக்கிறாள், லயத்தில் தீ வைத்தபோது காட்டில் ஒளிந்திருந்தாள், பிறகு அங்கேயே ஒருவரைக் கல்யாணம் செய்துகொண்டாள் என்பதெல்லாம் மாதங்கள் கழித்துத் தெரியும். அவளுக்கு இந்த நாடும் இல்லை, அந்த நாடும் இல்லை. கையில் ஒரு அட்டைகூடக் கிடையாது. தாய் இறந்தபோது தந்தி கொடுத்தார்கள். எந்தப் பாஸ்போர்ட்டில் வருவாள்? காரியத்துக்குப் பிறகு வந்த கடிதத்தில், அம்மாவின் முகம் சரியாக ஞாபகம் வரவில்லை, ஒரு போட்டோ அனுப்புங்கள் என்று எழுதியிருந்தாளாம். அவர்களிடம் போட்டோ இருந்தது குடும்ப பாஸ்போர்ட்டில் மட்டும். அதைக் கிழிக்கலாமா என்று அவர் என்னைக் கேட்டார்.

இந்த இடத்தில் என்னைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். என்னைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது என் அப்பா என் வயதில் இரண்டைக் குறைத்துப் போட்டார். சர்க்கார் வேலை கிடைத்தால் இரண்டு வருஷம் கூடுதலாக இருக்கலாம் என்பது அவர் கணக்கு. அது பலித்தது. அந்த இரண்டு வருஷமும் நான் சம்பளம் வாங்கிச் சாப்பிட்டேன். என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை. ஒரு தகப்பன் குறைத்தார், ஒரு தகப்பன் கூட்டினார். ரேடியேட்டர் கொதித்த அன்று இதை அவரிடம் சொல்ல வாயெடுத்தேன். வெட்கமாக இருந்தது, சொல்லவில்லை. கடைசி வரைக்கும் சொல்லவில்லை.

பிறகு சிலோன் சர்க்காருக்கே மனம் இரங்கி, இரண்டு பக்கமும் இல்லாமல் மிச்சமிருந்தவர்களுக்கெல்லாம் குடியுரிமை கொடுத்தார்கள். மகளும் அந்த நாட்டுப் பிரஜை ஆனாள். தோட்டத்துப் பதிவில் இருந்த வயதை வைத்தே அவளுக்கு அடையாள அட்டையும், அதை வைத்துப் பாஸ்போர்ட்டும் போட்டுவிட்டார்கள். காதில் கழுத்தில் இருந்ததை விற்று, திருச்சிக்கு விமானத்தில் வந்தாள். தகப்பன் இந்தியாக்காரர், மகள் வெளிநாட்டுக்காரி. தகப்பனைப் பார்க்க அவளுக்கு ஒரு மாத விசா.

வந்த மூன்றாம் நாள் இருவரும் என் பஸ்ஸில் சேலம் வந்தார்கள். வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் போலீஸ் ஆபீசில் பேர் பதிய வேண்டுமாம். எனக்கு அடுத்த டிரிப்புக்கு இரண்டு மணி நேரம் இருந்தது. “துணைக்கு வாங்கய்யா” என்றார். போனேன். மகள் அவரைப் போலவே ஒல்லி. முன்தலை நரைத்திருந்தது. தகப்பனிடம் இருபது வருஷத்துப் பாக்கியை எந்த இடத்தில் ஆரம்பிப்பது என்று தெரியாமல், ரோட்டில் போகிற வண்டிகளைப் பற்றியே கேட்டுக்கொண்டு வந்தாள்.

மேஜைக்குப் பின்னால் இருந்தவர் சின்ன வயதுக்காரர், தன்மையாகத்தான் பேசினார். பாஸ்போர்ட்டைத் திறந்து வைத்துக்கொண்டு பாரத்தை நிரப்பினார். ஊர், தகப்பன் பேர், புருஷன் பேர். பிறகு பேனாவை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார்.

“பெரியவரே, உங்க மகள்தானே? என்ன வயசு ஆகுது இவங்களுக்கு?”

சம்பிரதாயக் கேள்வி. தகப்பன்தானா என்று ஒரு வாய்வார்த்தைக்குக் கேட்கிறார். பதில் அவர் முன்னாலேயே விரிந்து கிடக்கிறது.

சிலோன்காரர் கம்பளியைத் தோளிலிருந்து எடுத்துக் கையில் சுருட்டிக்கொண்டார். மகள் அவர் முகத்தைப் பார்த்தாள். இந்த மனிதர் இப்போது முப்பத்தெட்டு என்று சொல்லப் போகிறார், பாஸ்போர்ட் பொய் என்று ஆகும், அவளை இங்கேயே பிடித்து வைத்து நூறு கேள்வி கேட்பார்கள், இல்லையென்றால் அடுத்த விமானத்தில் ஏற்றிவிடுவார்கள். சொல்லாதீர்கள் பெரியவரே என்று மனதுக்குள் கெஞ்சினேன்.

“பெரியவரே, உங்களத்தான்.”

“நாப்பத்தொண்ணுங்க” என்றார்.

அந்தச் சின்ன வயதுக்காரர் பாஸ்போர்ட்டைப் பார்த்தார், மனதுக்குள் கூட்டிப் பார்த்தார். “சரியா இருக்கு” என்று சொல்லிவிட்டு முத்திரையைக் குத்தினார்.

வெளியே வந்ததும் மகள் அவர் கையைப் பிடித்தாள். அவர் அதை விடுவித்துக்கொண்டு ஓரமாகப் போய், மதில் பக்கம் திரும்பி நின்றார். கொஞ்ச நேரம் கழித்து என்னிடம் வந்து, “இதச் சொல்ல இத்தன வருசமாங்கய்யா?” என்று கேட்டார். “அன்னிக்கே எழுதியிருந்தா அவ அம்மா பாத்திருப்பாளே.” நான், “விடுங்க” என்று மட்டும் சொன்னேன். விடுகிற விஷயமா அது?

விசா முடிந்து அவள் திரும்பிப் போனதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. தேதி வந்தது, போனாள். நான் சொல்ல வேண்டியது பேர் பதிந்த அன்றைக்கே, திரும்பி வருகிற பஸ்ஸில் நடந்தது.

அடிவாரத்தில் ஒரு குடும்பம் ஏறியது. கைக்குழந்தையோடு ஒரு பெண், கூட ஒரு வளர்ந்த மகள். தாவணி போடுகிற வயது, பாவாடை சட்டையில் நிற்கிறாள். “ஒண்ணரைங்க. இவளுக்குப் பத்துதானுங்க ஆகுது” என்றாள் அந்தப் பெண். சொல்லும்போதே சிரிப்பை அடக்கினாள்.

நான் உடனே டிக்கெட் கிழிக்கவில்லை. “பத்தாங்க?” என்று கொஞ்சம் சத்தமாகவே கேட்டேன். “பத்துங்க” என்றாள். “பாப்பாவுக்குப் பத்து வயசுதானுங்களா?” என்று இன்னொரு தடவை, கடைசி சீட் வரைக்கும் கேட்கிற மாதிரி கேட்டேன். எதற்குக் கேட்டேன்? அவர் எழுந்து நிற்க வேண்டும், கம்பளியை ஒதுக்கிக்கொண்டு கத்த வேண்டும் என்று எனக்கு அவ்வளவு ஆசையாக இருந்தது.

அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் இருந்த மகள்தான் அந்தச் சிறுமியை உற்றுப் பார்த்துவிட்டு, தகப்பன் காதருகே குனிந்தாள்.

“அப்பா, அந்தப் புள்ளைக்குப் பதிமூணு இருக்கும் போல.”

“நமக்கு எதுக்குப் புள்ள” என்றார் அவர், திரும்பாமல். “அவுங்க சொல்றதுதான் வயசு.”

நான் அரை டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தேன்.